வாசலில் நாய் மலம்: காய்ந்தால் போய்விடுமா?



ஒரு மழைக்காலத்தில் நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருந்தபோது, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று காலைச் சொறிந்து சொறிந்து அழுதுகொண்டிருந்தது. உள்ளங்கால் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு, புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து போயிருந்தது. "சேத்துப்புண்ணு ஐயா, மஞ்சள் பத்து போட்டிருக்கேன்" என்றார் அம்மாயி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோடு இன்னும் ஒரு விரல் அகலம் நீண்டிருந்தது. சேற்றுப்புண் நடக்காதே! டாக்டர் ஐயாவிடம் அனுப்பினோம். அது நாயின் குடலில் இருக்கும் கொழுக்கிப்புழுவின் குஞ்சு, மண்ணிலிருந்து தோலைத் துளைத்து உள்ளே ஊர்கிறது என்று அவர் சொன்னார். மருந்து கொடுத்ததும் சுகமாகிவிட்டது.

அந்தப் பிள்ளை எங்கே மிதித்தது? பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் இருக்கும் புல்தரையில்தான். நமக்குப் பூங்கா, மைதானம் எல்லாம் அதுதானே. பிள்ளைகள் தவழ்வதும் அங்கே, லயத்து நாய்கள் காலையில் போவதும் அங்கே.

இதைப்பற்றிப் பேசினால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "மழை பேஞ்சா கரைஞ்சிரும், வெயில் அடிச்சா காஞ்சிரும்." நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விஷயம் நேர்மாறானது. நாய்க்கு வட்டப்புழு என்று ஒன்று இருக்கிறது. அதன் முட்டைகள் ஆயிரக்கணக்கில் மலத்தோடு வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாது. புதிதாக விழுந்த மலத்தில் இருக்கும் முட்டை உடனே நோயைத் தராது. அது முற்றுவதற்கு இரண்டு மூன்று கிழமைகளாவது வேண்டும். அதற்குள் மழை மலத்தைக் கரைத்துவிடும். நாற்றமும் இல்லை, அடையாளமும் இல்லை. இடம் சுத்தம் என்று பிள்ளையை இறக்கி விடுகிறோம். அப்போதுதான் முட்டை முற்றியிருக்கும்! ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டெட்டோல் ஊற்றினாலும், ப்ளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகாது. ஆகவே, கிடப்பதை அன்றைக்கே அள்ளுவது ஒன்றுதான் வழி.

மண் பிடித்த கையைப் பிள்ளை வாயில் வைத்தால் முட்டை வயிற்றுக்குள் போய்ப் பொரிக்கும். மனிதர் உடம்பில் அந்தப் புழு முழுதாக வளராது. வழி தெரியாமல் ஈரல், நுரையீரல் என்று அலையும். கண்ணுக்குள் போய்விட்டால் அந்தக் கண்ணின் பார்வையே கெட்டுப்போகலாம். குடலில் தங்காததால் மலத்தைச் சோதித்தாலும் தெரியவராது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆனாலும் போதாதா?

கொழுக்கிப்புழுவிலும் பல சாதி உண்டு. அதில் ஒன்றுக்கு சிலோன் என்ற நம் நாட்டின் பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். 1911ல் இங்கிருந்த ஒரு புனுகுப் பூனையில் அதைக் கண்டார்கள். நாய், பூனை மட்டுமல்ல, மனிதர் குடலிலும் அது வளர்ந்து இரத்தம் குடிக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்து தலைசுற்றலோடு மலைக்குப் போகும் நம் பெண்களுக்கு இது வேறு வேண்டுமா?

நாய்க்குட்டி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தாய் நாயின் சதைக்குள் தூங்கிக் கிடக்கும் வட்டப்புழுக் குஞ்சுகள், அது சினையானதும் விழித்து வயிற்றிலிருக்கும் குட்டிக்குப் போய்விடும். கொழுக்கிப்புழு தாய்ப்பால் வழியாகப் போகும். அதனால் குட்டியின் மலத்தில்தான் முட்டை அதிகம். பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சுவதும் குட்டியைத்தான். குட்டிக்கு இரண்டு கிழமையானதும் பூச்சி மருந்து தொடங்க வேண்டும். அளவை அரசாங்க மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். நமக்குத் தரும் பூச்சிக் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

அள்ளுவது பெரிய வேலை இல்லை. மலத்தின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி, கீழே உள்ள கொஞ்சம் மண்ணோடு சேர்த்து மம்பட்டியால் எடுங்கள். சாம்பல் முட்டையைக் கொல்லாது, அள்ளுவதற்கு லேசாக இருக்கும், அவ்வளவுதான். பீலிக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் தூரமாக ஒன்றரை அடிக் குழி வெட்டி அதில் போட்டு மண் தள்ளுங்கள். மாட்டுச் சாணம் போல் இதையும் உரமாகப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. கீரையில் ஒட்டி நம் தட்டுக்கே வந்துவிடும். கானுக்குள் கூட்டித் தள்ளுவதும் கூடாது. மேல் லயத்துக் கான் கீழ் லயத்து வாசல் வழியாகத்தானே ஓடுகிறது. போன சண்டைகள் போதும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

"அது எங்க நாய் இல்லீங்க, சும்மா வருது" என்று சிலர் சொல்வார்கள். காலையில் ரொட்டித் துண்டும் ராத்திரியில் மிச்சச் சோறும் யார் போடுகிறார்கள்? நாய்க்கு அது தெரியும், அந்த வீட்டு இஸ்தோப்பில்தான் படுத்திருக்கும்.

அந்தப் பிள்ளைக்காம்பரா வாசலில் மூங்கில் தப்பையால் வேலி கட்டிவிட்டோம். பழைய மம்பட்டி ஒன்றும் ஒரு தகரம் சாம்பலும் கதவோரம் இருக்கின்றன. காலையில் பிள்ளைகளை விடுவதற்கு முன் ஆயாம்மா ஒரு சுற்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் இல்லை. பக்கத்து லயத்திலிருந்து யாராவது முன்வந்தால் என்னிடம் சொல்லுங்கள்.