பஞ்சத்தில் தேறிய குழந்தைகள்

நமது சிறுகுடலை வெறுங் குழாயென்று எண்ணிக்கொள்வோர் பலர். நீளத்தைப் பார்த்தால் குழாய்தான். வளர்ந்தவரிடத்தே ஏறத்தாழ 6 மீற்றர் இருக்கும். ஆனால், தன்னூடே செல்வது யாதென்று குழாய் கவனிப்பதில்லை. குடலோ தன்னுள் வரும் உணவுக்கேற்பத் தன்னையே மாற்றிக்கொள்ளும் உறுப்பாகும். அதன் உட்சுவரிலே கம்பளத்து மயிர்போல நெருங்கி நிற்கும் சடைமுளைகள், உணவை உறிஞ்சும் பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. அவற்றைப் போர்த்திருக்கும் கலங்களிற் பெரும்பாலானவை நாலைந்து நாட்களுக்கு மேல் வாழ்வதில்லை. பழையன உதிர, அடியிலிருந்து புதியன எழுகின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை உண்ட விருந்தை உறிஞ்சிய கலங்கள் இன்று நம்மிடம் அநேகமாக இல்லை!

ஓயாது புதுப்பிக்கப்படும் சுவராதலால், உணவு மாறினால் அதுவும் மாறும். நீண்ட பட்டினியிற் சடைமுளைகள் குறுகும். உணவு கிடைத்ததும் மீண்டும் வளரும். சீனி மிகுந்த உணவை உண்டுவந்தால், சீனியைப் பிரிக்கும் நொதியம் சில நாட்களிற் கூடுகிறது. இவ்வியல்பு பெரும்பாலும் நன்மையே. ஆயினும், அன்றாட உணவே குடற்சுவரைத் தேய்த்துவிடும் நோயொன்றும் உண்டு. அதன் காரணத்தை உலகம் அறிந்த வரலாறு, ஒல்லாந்து தேசத்துப் பஞ்சமொன்றோடு பின்னிக் கிடக்கின்றது.

சீலியாக் என்பது அந்நோயின் பெயர். நன்றாக வளர்ந்துவந்த குழந்தை, பால் மறந்து திட உணவுக்குப் பழகியபின் மெலியத் தொடங்கும். வயிறு உப்பும், கைகால்கள் குச்சியாகும், மலம் வெளிறி, கொழுப்புடன் கழியும். 1888 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ இதனைத் தெளிவாக விவரித்து, பரிகாரம் இருந்தால் அது உணவிலேதான் இருக்கும் என்று கருதினார். எந்த உணவில் என்பதுதான் புதிர். 1924 இல் நியூயோர்க் வைத்தியர் சிட்னி ஹாஸ், மாப்பொருளை நீக்கி வாழைப்பழத்தையே முதன்மையாகக் கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றினார். பழத்திலே ஏதோ மருந்திருப்பதாகப் பலரும் நம்பினர். உண்மையில், குழந்தைகளைக் காத்தது தட்டில் வைக்கப்பட்ட பழமன்று. தட்டிலிருந்து எடுக்கப்பட்ட பாணே! மீண்டும் பாணுக்குத் திரும்பியவர்களை நோயும் திரும்பப் பற்றியது.

ஹேக் நகரின் சிறுவர் வைத்தியரான வில்லெம் டிக்கே என்பவருக்கு, 1930களிலேயே கோதுமையின்மீது ஐயம் எழுந்திருந்தது. 1941 இல், பாணை விலக்கிய உணவுமுறையொன்றை அவர் எழுதி வெளியிட்டார். அப்போது நாடு ஜெர்மானியர் ஆட்சியின் கீழ் இருந்தது. 1944 செப்டெம்பரில் ஒல்லாந்தப் புகையிரத ஊழியர் வேலைநிறுத்தம் செய்ய, மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்வதை ஜெர்மானியர் தடுத்தனர். அக்குளிர்காலத்தில் நகரவாசிகளின் பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கிற்று. மக்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கையும் அவித்து உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

நாடே மெலிந்த அந்நாட்களில், சீலியாக் குழந்தைகள் தேறினர். பாண் அரிதாகிவிட்டதே காரணம். 1945 இல் நிவாரண உணவாகப் பாண் மீண்டும் வந்தபோது நோயும் வந்தது. பஞ்சமே டிக்கேக்கு வழிகாட்டியதென்று பலர் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. முன்பே சந்தேகித்தவருக்கு அது ஒரு சாட்சி, அவ்வளவே. சாட்சியோடு அவர் நின்றுவிடவுமில்லை. யுத்தத்தின்பின், சில குழந்தைகளின் உணவிற் கோதுமையைச் சேர்த்தும் நீக்கியும், அவர்களுடைய வளர்ச்சியை நெடுங்காலம் அளந்து, 1950 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தார். மலத்திற் கழியும் கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையை வான் டி காமர் என்னும் விஞ்ஞானி வகுத்துதவினார். 1962 இல் டிக்கே காலமானார்.

கோதுமையில் நஞ்சாவது எது? மாப்பொருளன்று, குளூட்டன் என்னும் புரதமே என்பதை 1952 இல் பேர்மிங்ஹாம் வைத்தியர்கள் காட்டினர். மாணவர்கள் வீட்டிலேயே குளூட்டனைக் காணலாம். கோதுமை மாவைப் பிசைந்து, உருண்டையை நீரிற் கசக்கிக் கழுவுங்கள். வெண்ணிற மாப்பொருள் கரைந்து போக, இறப்பர் போன்ற பசையொன்று கையில் எஞ்சும். ரொட்டி மா இழுபடுவது அதனாலேயே.

1954 இல், இப்ஸ்விச் நகரத்து வைத்தியர் போலி, சத்திரசிகிச்சையில் எடுத்த குடற்துண்டுகளை ஆராய்ந்து, அங்கே சடைமுளைகள் சிதைந்திருக்கக் கண்டார். பரம்பரையாக அதற்கு ஏதுவான இயல்புள்ளவரின் உடற்காவற் படை, குளூட்டனின் துணுக்குகளைப் பகையென்று தாக்கும்போது குடற்சுவர் அழிகிறது. அடியிலிருந்து புதிய கலங்கள் விரைந்து எழுந்தும் ஈடுகொடுக்க முடிவதில்லை. உறிஞ்சும் பரப்பு தேய, வயிறார உண்ட பிள்ளையும் பட்டினி கிடக்கிறது. கோதுமையை முற்றாக நீக்கிவிட்டால், அதே புதுப்பிக்கும் ஆற்றல் சடைமுளைகளை மீண்டும் எழுப்புகிறது. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் விரைவில் நிகழும். முதியோருக்கு ஆண்டுகள் செல்லலாம்.

இன்று பல நாடுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோய் காணப்படுகிறது. சிலருக்கு வயிற்றுக் குழப்பமே இராது. தீராத சோகை மாத்திரமே அடையாளமாக இருக்கும். பெற்றோர் ஒன்றை மனங்கொள்ளவேண்டும். பிள்ளைக்கு இந்நோயோ என்று ஐயமுற்றால், இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும். இரத்தத்திலுள்ள அடையாளங்களும் மறையும். வைத்தியர் நோயைக் காணமாட்டார்.

நோய் உறுதியானால், நமது அடுக்களை அதிகம் தடுமாறவேண்டியதில்லை. அரிசி, குரக்கன், உழுந்து, பயறு ஆகியவற்றிற் குளூட்டன் இல்லை. அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் உண்ணலாம். ஆனால், நம்மவர் அமெரிக்கன் மா என்றழைத்த கோதுமை மா எள்ளளவும் கலக்கலாகாது. ரவையும் கோதுமைச் சேமியாவும் அதன் உறவினரே. கடையில் வாங்கும் பெருங்காயத்தையும் கவனிக்கவேண்டும். அதிற் கோதுமை மாவைச் சேர்த்து விற்பது வழக்கமாதலால், பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.