தலைவலி மாத்திரையே தலைவலி ஆகலாம்!

மும்பை தாராவியில் வசிக்கும் தமிழ்ப் பெண் அவர். விடியும் முன்பே சமையலை முடித்து, வெறும் டீயுடன் சயானில் மின்சார ரெயில் ஏறுவார். 10 மணிக்குள் தலையில் ஒரு பக்கம் "விண் விண்" என்று தெறிக்கும். வெளிச்சம் கூசும். வாந்தி வரும். உடனே மருந்துக் கடையில் ஒரு மாத்திரை.

வாரம் ஒருமுறை போட்ட மாத்திரை தினசரி ஆனது. தலைவலியும் தினசரி ஆனது!

காரணம் என்ன?

சாதாரண வலி மாத்திரைகளை மாதம் 15 நாட்களுக்குக் குறையாமலும், பல மருந்து சேர்ந்தவற்றை 10 நாட்களுக்குக் குறையாமலும், 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள்.

என்ன செய்வது?

வலி வந்த நாளையும், மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்கிறபடி மாத்திரையை நிறுத்துங்கள். முதல் சில நாள் வலி கூடும். பிறகு பெரும்பாலோருக்குக் குறையும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை டாக்டர்கள் கொடுப்பது உண்டு. வேளைக்குச் சாப்பாடும், தூக்கமும் அவசியம்.

திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை-கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

அந்தப் பெண் இப்போது இட்லி சாப்பிட்ட பிறகே ரெயில் ஏறுகிறார். காலண்டரில் சிவப்புக் குறிகள் குறைந்து வருகின்றன.