நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகினேன்

"இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா?" என்று என்னிடம் முதலில் கேட்டவர் என் நாத்தனார். அடுத்துக் கேட்டவர் பக்கத்து வீட்டு மாமி. மூன்றாவதாகக் கேட்டது என் வலது முழங்கால். முதல் இருவருக்கும் அன்றே பதில் சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு மட்டும் மூன்று வாரம் தைலம் தேய்த்துத்தான் சமாதானம் சொல்ல முடிந்தது.

தேவை என்ன என்பதைச் சகோதரிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பதினான்கு ஆண்டுகளாகத் தம்மாமில் வேலை பார்க்கிறார். மகன் திருச்சியில் தங்கிப் படிக்கிறான். அறந்தாங்கிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் நானும், மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளும் இருக்கிறோம். அத்தா மவுத்தான பிறகு அம்மா தனியாகவே வசிக்கிறார். என் வீட்டிலிருந்து அங்கே இரண்டு கிலோமீட்டர் தூரம். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனை முறை அழைத்தாலும், அத்தா கட்டிய வீட்டில் விளக்கு அணையக் கூடாது என்பார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசி போட வேண்டும். கண் பார்வை மங்கிவிட்டதால் மருந்தின் அளவுக் கோட்டை அவரால் பார்க்க இயலாது. ஊசி போடுவது என் பொறுப்பு.

காலையில் நடந்து போய்விடுவேன். இரவில்தான் சங்கடம். ஆட்டோவுக்குப் போக 60 ரூபாய், வர 60 ரூபாய். அதுவும் மழை நாளில் கிடைக்காது. தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகளை அழைத்து, "தம்பி, ஒரு நடை போய் வந்துவிடலாமா?" என்று கேட்க வேண்டியிருக்கும். அவர்கள் நல்ல பிள்ளைகள்தாம். ஒருவனும் முகம் சுளித்ததில்லை. ஆயினும் தினமும் கேட்பவளுக்கு அல்லவா தெரியும், அந்த வார்த்தை தொண்டையில் எப்படிச் சிக்குகிறதென்று! சென்ற ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு யாரும் கிடைக்காமல் மழையில் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. ஊசி போட்ட பின்னரே சாப்பிட வேண்டும் என்பதால் அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு இஷாவிலிருந்தே பசியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது, பள்ளியில் அரசாங்கம் கொடுத்த மகளின் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. என் மகள் அதை வாங்கிய நாளிலிருந்து சிட்டாய்ப் பறக்கிறாள். அந்த வண்டியை எத்தனையோ முறை துடைத்து வைத்த நான், ஒரு முறையேனும் அதன்மேல் ஏறி உட்கார எண்ணியதில்லை.

எண்ணாமல் போனதுதான் வியப்பு. ஏனெனில் நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம்!

1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அப்போது மாவட்ட ஆட்சித் தலைவர். எழுத்தறிவு கற்பிக்கப் போகும் பெண்கள் உள்ளடங்கிய கிராமங்களுக்கு எப்படிச் செல்வார்கள்? பேருந்து நாளைக்கு இரண்டு நடை வந்தால் அதிகம். ஆகவே தொண்டர்களான பெண்கள் சைக்கிள் பழகட்டும் என்றார். பிறகு படிக்க வந்த பெண்களுக்கும் அது பாடமாயிற்று. வெளியே போய்வர இயலாத பெண்ணுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும் என்பது அவருடைய வாதம். சைக்கிள் வாங்குவதற்குக் கடன் தரும்படி வங்கிகளை வற்புறுத்தினார். ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் இதில் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சைக்கிள் பழகச் சொல்லி ஒரு பாட்டுக்கூட இயற்றி ஊர்தோறும் பாடினார்கள்.

விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் என்று பலரும் வந்தார்கள். நம் சமுதாயத்து இளம்பெண்களும் அவர்களில் இருந்தார்கள். இந்த இயக்கத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதியிருக்கிறார். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்பது அவர் தரும் கணக்கு. பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல்! கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியும் வாங்கினார்கள். முன்னால் உள்ள பாரில் ஒரு குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஒரு குழந்தை பாரில், இன்னொன்று கேரியரில், நடுவே தண்ணீர்க் குடம் என்று பெண்கள் போனதை நானே கண்டிருக்கிறேன்.

1992 மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். ரமலான் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. எங்கள் தெருவிலிருந்தும் ஒருவர் போனார். நோன்போடு சைக்கிள் மிதித்தார் என்பதையே மாதக்கணக்கில் பேசினார்கள். அப்போது என் அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. அறிவொளி வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றிருந்தார். சைக்கிளும் பழக வேண்டும் என்று ஆசை. நன்னியிடம் மெல்லக் கேட்டார். "ஊர் என்ன பேசும்?" என்று நன்னி ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ஒட்டகமேறிப் பாலைவனம் கடந்த பெண்மணிகளின் சரித்திரத்தை ஓதிய ஊர்தான் எங்கள் ஊர். ஆனால் இரும்பு ஒட்டகம் என்றால் மட்டும் அதற்கு நடுக்கம்! அம்மா மறுவார்த்தை பேசவில்லை. எனக்கும் அந்த ஆசை எழாமலே போயிற்று. தாய் கற்காததை மகளும் தனக்கு விதிக்கப்படாதது என்றே கருதிக்கொள்கிறாள் போலும்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு நாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின், ஈத்கா திடலை ஒட்டிய பொட்டலுக்கு மகளையும் சைக்கிளையும் அழைத்துக்கொண்டு போனேன். மகள் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கையை எடுத்ததும் நான் கீழே கிடந்தேன். நான்கு நாட்கள் இதே கதை. ஐந்தாம் நாள் அவளுக்கே மூச்சு வாங்கியது. "சர்க்கஸில் ஒற்றைச் சக்கரத்திலேயே ஓட்டுகிறார்கள், உங்களுக்கு இரண்டு சக்கரம் இருக்கிறதே அம்மா!" என்றாள்.

அவள் கேலியாகச் சொன்னதில் ஒரு பாடம் இருந்தது. சர்க்கஸ்காரர் எப்படி விழாமல் இருக்கிறார்? முன்னால் சாய்ந்தால் சக்கரத்தை முன்னால் விரட்டுகிறார். பின்னால் சாய்ந்தால் பின்னால் மிதிக்கிறார். பக்கவாட்டில் சாய்ந்தால் அந்தப் பக்கமே திருப்புகிறார். உடல் எங்கே விழப் போகிறதோ அங்கே சக்கரத்தைக் கொண்டுபோய் அதன் கீழே நிறுத்திவிடுகிறார். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்தி விளையாடும் பிள்ளையும் செய்வது இதுவே. சைக்கிளுக்கும் அதே விதிதான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியை இடப்பக்கமே திருப்ப வேண்டும். சக்கரங்கள் நகர்ந்து உடலின் கீழே வந்துவிடும். நானோ இடப்பக்கம் சாயும்போதெல்லாம் அஞ்சி வலப்பக்கம் திருப்பினேன். ஆகவே ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே விழுந்தேன். பயந்தவன் செய்வதெல்லாம் எதிரிடையாகவே இருக்கும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஆளில்லாத சைக்கிள்கூட ஓரளவு வேகத்தில் தள்ளிவிட்டால் தானே சமாளித்துக்கொண்டு சிறிது தூரம் ஓடும். சக்கரத்தின் சுழற்சிதான் அதை நிமிர்த்துகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், அந்தச் சுழற்சியின் விளைவு செயல்படாதபடி வடிவமைத்த ஒரு சோதனை வண்டியும் விழாமல் ஓடியதாகக் காட்டியிருக்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை இதில் உள்ள செய்தி ஒன்றே: வேகம் இருந்தால் வண்டி நமக்கு உதவுகிறது, வேகம் குறைந்தால் நம்மைக் கைவிடுகிறது. பயத்தில் மெல்ல ஓட்டுபவர்தாம் அதிகம் விழுகிறார்.

மகன் விடுமுறையில் வந்தபோது வேறு வழி காட்டினான். இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டான். (கழற்ற விரும்புவோர் கவனிக்க: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். இது தெரியாமல் அரைமணி நேரம் ஸ்பேனரோடு மல்லுக்கட்டினோம்.) இரண்டு பாதங்களும் தரையில் முழுவதும் பதியுமளவுக்குச் சீட்டை இறக்கினான். உட்கார்ந்தபடியே காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். வண்டி ஓடத் தொடங்கியதும் கால்களைச் சற்றே தூக்க வேண்டும், அவ்வளவுதான். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிராய்ஸ் என்பவர் முதன்முதலில் செய்த இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாதாம். காலால் உந்தித்தான் போனார்களாம். இதில் கீழே விழும் பயம் இல்லை. கால்தான் தரைக்கு அருகிலேயே இருக்கிறதே! முதல் நாள் இரண்டு எண்ணும் வரை கால் தூக்க முடிந்தது. ஒரு வாரத்தில் பதினைந்து எண்ணினேன். முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல், தூரத்துப் புளியமரத்தைப் பார்த்துப் போனால் வண்டி நேராகப் போகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பின்னர் பெடலை மாட்டியபோது, மிதிப்பது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

உடம்பு கற்றுக்கொண்டது, வெட்கம்தான் எளிதில் விடவில்லை. குழந்தை விழுந்தால் பார்ப்பவர் ஓடிவந்து தூக்குவார். நாற்பத்தைந்து வயதுப் பெண் விழுந்தால் முதலில் சிரிப்பார், பிறகுதான் தூக்குவார். பெரியவர்கள் புதிதாக ஒன்றைக் கற்கத் தயங்குவதற்கு முதுமையைவிட இந்தச் சிரிப்பே பெரிய காரணம் என்பது என் கருத்து. அந்நாட்களில் எனக்குத் துணையாயிருந்தவை நான் படித்த இருவரின் செய்திகள்.

ஒருவர் ஃபிரான்சிஸ் வில்லர்ட். அமெரிக்காவில் மதுவிலக்குக்காகப் பெண்களைத் திரட்டிய தலைவி. 1892-இல் தாயாரை இழந்தார். உடலும் உள்ளமும் தளர்ந்த நிலையில், 53-ஆம் வயதில் சைக்கிள் பழகத் தொடங்கினார். தரையைத் தொடும் நீண்ட அங்கிகளைப் பெண்கள் அணிந்த காலம் அது. நாள்தோறும் கால் மணி நேரம் வீதம் மூன்று மாதம் பழகித் தேறினார். தம் சைக்கிளுக்கு 'கிளாடிஸ்' என்று பெயரிட்டு, பழகிய அனுபவத்தை 1895-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

மற்றவர் உலகறிந்த எழுத்தாளர் டால்ஸ்டாய். 1895 பிப்ரவரியில் அவருடைய கடைக்குட்டி மகன் வான்யா, ஏழு வயது நிறைவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனான். சில மாதங்களுக்குள், 67 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த முதியவர், மாஸ்கோவில் சைக்கிள் பழகினார். அவருடைய சைக்கிள் இன்றும் அவர் வாழ்ந்த மாஸ்கோ வீட்டில் காட்சிக்கு இருக்கிறது. மகனைப் புதைத்த தந்தைக்குச் சைக்கிள் எதற்கு என்று அன்றும் சிலர் பேசியிருப்பார்கள். துக்கம் கனத்த உடம்பைச் சற்று நேரம் காற்றில் ஓடவிடுவதன் அருமை எனக்குப் புரிகிறது. அத்தா போன ஆண்டில் எனக்கும் இது வாய்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நம்மவர் கதையும் உண்டு. சைக்கிளுக்குப் பெயர்போன நெதர்லாந்தில், மொராக்கோ, துருக்கி முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய பெண்களுக்கென்றே சைக்கிள் வகுப்புகள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. பேரன் பேத்தி எடுத்தவர்களும் தலையில் முக்காட்டோடு வந்து பழகுகிறார்கள்.

உடை பற்றிப் பல சகோதரிகள் கேட்கிறார்கள். நான் புர்காவோடுதான் ஓட்டுகிறேன். லேடீஸ் சைக்கிளில் குறுக்கே பார் இல்லாததால் ஏறுவதில் சிரமமில்லை. செயினுக்கு முழுமையான கவரும், பின்சக்கரத்துக்குச் சாரி கார்டும் போட்டுக்கொள்வது அவசியம். அடிப்பகுதி மிகவும் அகலமான புர்கா வேண்டாம். இரவில் போவோர் முன்னால் ஒரு விளக்கும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் பொருத்திக்கொள்ள வேண்டும். கருப்பு உடை இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

முதன்முதலாக அம்மா வீட்டு வாசலில் சைக்கிளில் போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை இரவு. அம்மா என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். அருகில் வந்து கைப்பிடியைத் தடவி, மணியைத் தேடி ஒரு தரம் அடித்தார். "உங்க நன்னி இருந்திருந்தால்..." என்று தொடங்கியவர், முடிக்காமல் ஊசி மருந்தை எடுக்க உள்ளே போய்விட்டார். அன்று மணி எட்டரைக்குள் அவர் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

இப்போது காலையில் அதே பொட்டலில் இரண்டு சகோதரிகள் பழக வருகிறார்கள். ஒருவருக்கு வயது ஐம்பத்திரண்டு. நாளை சுபுஹுக்குப் பின் தாமும் வருவதாக என் நாத்தனார் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெடலைக் கழற்றி வைத்திருக்கிறேன்.