மலை சரிந்தது ஏன்? மக்கள் நகராதது ஏன்?

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் குடியிருப்புகள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் அபாயகரமானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 'சொல்லியும் கேட்கவில்லை' என்று அன்று பலர் கூறினர். 2023 மார்ச் 19 ஆம் திகதி பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயன்கள் சேதமடைந்தன. அபாயம் தெரிந்தும் இம்மக்கள் ஏன் அகலவில்லை என்ற வினா மீண்டும் நம்முன் நிற்கின்றது.

'ஏன்' என்னும் சொல் இருவகை விடைகளை வேண்டுவது. மலை ஏன் சரிந்தது என்றால், மழைநீர் ஊறி மண் பிடிப்பை இழந்தது என்போம். மண்ணுக்கு நோக்கம் கிடையாது. மனிதன் ஏன் அங்கேயே இருந்தான் என்றால், அவன் எதை விரும்பினான், எதை நம்பினான் என்று ஆராய வேண்டும். இத்தகைய 'ஏன்' என்ற வினாவுக்கு இடமளிப்பதே நோக்கமுள்ள செயல் என 1957 இல் எலிசபெத் ஆன்ஸ்கம் விளக்கினார்.

1963 இல் அமெரிக்கத் தத்துவஞானி டொனால்ட் டேவிட்சன் இன்னுமொரு படி சென்றார். ஒருவருக்கு ஒரு செயலைச் செய்யப் பல நியாயங்கள் இருக்கலாம். அவற்றுள் எது அவரை உண்மையில் செயற்படுத்தியதோ அதுவே அச்செயலின் விளக்கம். அந்த நியாயமே அதன் காரணமுமாகும் என்பது அவர் வாதம். ஆகவே, பொருத்தமாகத் தோன்றும் ஒரு நியாயத்தைக் கண்டதும் விசாரணையை முடித்துவிட இயலாது.

1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்களின் எச்சரிக்கையும் இங்கு நினைவுகூரத்தக்கது. நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம். நெருப்பினாலேயே எரிந்தது என்பதை நம் கண்கள் காண்பதில்லை என்றார் அவர். எச்சரிக்கை வந்தது, மக்கள் இருந்தனர். இவ்விரண்டையுமே நாம் கண்டோம். அலட்சியத்தினால் இருந்தனர் என்பது நாமே சேர்த்துக்கொண்டது.

அலட்சியமே காரணமாயின், மாற்றிடம் கிடைத்திருந்தாலும் அவர்கள் அகன்றிருக்க மாட்டார்கள். ஆனால் 2016 இல் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அவற்றில் குடியேறின. பேரழிவைக் கண்டபின் எவரும் நகர்வர் எனச் சிலர் மறுக்கலாம். பழகிய அபாயம் அச்சத்தைக் குறைப்பதும் உண்மையே. எனினும் நிலமோ உறுதிப்பத்திரமோ இல்லாத, வேலையும் உறைவிடமும் தோட்டத்தோடு பிணைக்கப்பட்ட குடும்பத்துக்கு 'வெளியேறு' என்ற அறிவித்தல் மட்டும் ஒரு வழியைக் காட்டிவிடாது. எங்கே போவது என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை.

விளக்கம் பிழைத்தால் பொறுப்பும் இடம்மாறும். அறியாமையே காரணமென்போர் மேலும் ஓர் அறிவித்தல் ஒட்டுவர். போக்கிடமின்மையே காரணமென உணர்வோர் காணி வழங்குவர். அடுத்த மழைக்கு முன் ஊவாவின் தோட்டங்களுக்கு வேண்டியது எதுவென்பது இந்த ஒரு 'ஏன்' என்ற வினாவுக்கு நாம் தரும் விடையிலேயே தங்கியுள்ளது.