கிட்டாத மீனும் கண்ணாடித் தொட்டியும்

டில்லி, நாகபுரி, பெங்களூர் போன்ற கடலில்லா ஊர்களில் குடியேறிய நம்மவருள் சிலர், வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கடலையே அமைத்திருக்கின்றனர். கடையில் விற்கும் உப்புக் கலவையை நன்னீரிற் கரைத்து, கற்களை அடுக்கி, நூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறையின் சாயலை உண்டாக்குகின்றனர். தொட்டி நிலைபெற்றதும் உள்ளம் அரிய மீன்களை நாடுகிறது. எங்கே கிடைக்கும் என்பதே அனைவரும் வினவும் வினா. ஏன் கிடைக்கவில்லை என்று முதலில் வினவுவதே முறை என்பது நம் கருத்து.

சில உயிர்கள் சட்டத்தாற் கிட்டாதவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பட்டியலில், 2001இல் பாறை அமைக்கும் பவளங்களும் கடற்குதிரைகளும் சேர்க்கப்பெற்றன. ஆகவே கடலினின்று எடுத்த உயிர்ப்பவளத்தையும் கடற்குதிரையையும் வாங்குதல் குற்றமாகும். “வெளிநாட்டுச் சரக்கு” என்று கடைக்காரர் கூறும் வாய்ச்சொல் நமக்குக் காப்பாகாது. குழந்தை கடற்குதிரைதான் வேண்டுமென்று அடம்பிடித்தால், படத்தைக் காட்டித் தேற்றுவதன்றி வேறு வழியில்லை. உலர்ந்த கல்லும் சுட்ட மண்ணாலான பாறையும் மீன்களுக்குப் போதும். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் அவை குறை கூறுவதில்லை.

வேறு சில மீன்கள் உணவின் பொருட்டுக் கிட்டாதவையாக இருப்பதே நன்று. நீலமும் செம்மஞ்சளும் நெளிநெளியாக ஓடும் மாண்டரின் மீனைக் கண்டு மயங்காதார் இலர். நாமும் மயங்கினோம். பல மாதம் சொல்லிவைத்து ஒன்றை வருவித்தோம். பாறையிடுக்குகளில் வாழும் மிகச் சிறிய ஓட்டுயிர்களை நாள் முழுதும் கொத்தித் தின்பது அதன் இயல்பு. சிறு தொட்டியில் அவ்வுயிர்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. நாம் இட்ட உலர் உணவை அது திரும்பியும் பார்க்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் வயிறு ஒட்டி, நம் கண்ணெதிரே பட்டினியால் மாண்டது. கிடைத்ததே என்று மகிழ்ந்த மீன் அது! அம்மீனை வாங்கியது நம் பிழையேயன்றி விற்றவர் பிழையன்று.

அப்படியாயின் சிறு தொட்டிக்கு உரியது எது? பண்ணையிற் பிறந்த மீன் என்போம். இங்கே நம் தாயகக் கடற்கரைக்கும் பங்குண்டு. 1947இல் தொடங்கப்பெற்று, பல்லாண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, இன்று கொச்சியிலிருந்து இயங்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளிமீன்களையும் டாம்சல் மீன்களையும் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை வகுத்துள்ளது. கோமாளிமீன் கல்லின்மேல் முட்டையிடும். ஆண்மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரமளவில் இருட்டிய பின் குஞ்சுகள் வெளிவரும். ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரை ஊட்டி அவற்றைப் பிழைக்கச் செய்வதே இத்தொழிலின் கடினமான பகுதி. இவ்வாறு பிறந்தவை தொட்டி வாழ்வையும் உலர் உணவையும் தொடக்கம் முதலே அறிந்தவை. கடற்சாமந்தி இன்றியும் நலமாக வாழும். சிறியனவாக இரண்டை ஒருங்கே வாங்கினால், அவற்றுள் வலியது பெண்ணாக மாறித் தாமே இணையாகும்.

இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கே உரிய கார்டினல் மீன் மற்றொன்று. கருங்கோடும் வெள்ளிப் புள்ளியும் கொண்ட அதனை வணிகத்திற்காக அளவின்றிப் பிடித்தமையால், தன் சொந்தக் கடலிலேயே அருகி வருகிறது. ஆனால் ஆண்மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து, வளர்ந்த குஞ்சுகளாகவே வெளிவிடுவதால், தொட்டியில் பெருக்குவதற்கு எளியது. ஆதலின் காத்திருந்தேனும் பண்ணைக் குஞ்சையே பெறுதல் வேண்டும். கடலிற் பிடித்தவற்றுள் வேறோர் இடரும் உண்டு. 1960களில் பிலிப்பைன்சில் தொடங்கிய சயனைடு முறையால் மயக்கிப் பிடித்த மீன், பார்வைக்கு நன்றாயிருந்து சில வாரங்களில் இறந்துபடலாம். ஆகவே விலை பேசுமுன், நம் எதிரில் உணவிட்டுக் காட்டுமாறு கடைக்காரரைக் கேட்க வேண்டும். தயங்கினால் அடுத்த கடைக்குச் செல்வோம்.

தொலைவிலிருந்து வருவிப்போர் ஒன்றை நன்கு அறிய வேண்டும். பிராணவாயு அடைத்த பையில் நெடுநேரம் வரும் மீனின் கழிவால் நீரில் அம்மோனியா பெருகும். மூச்சிலிருந்து வரும் கரியமிலவாயு நீரின் அமிலத்தன்மையை உயர்த்துவதால் அதன் நச்சு அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேற, அம்மோனியாவின் நச்சு தலைதூக்கும். ஆகவே திறந்த பையில் சொட்டுச் சொட்டாகத் தொட்டிநீரை ஊற்றி மணிக்கணக்கிற் காத்திருத்தல் தீங்கு. மீன் இருந்த நீரின் உப்பளவை முன்னதாகவே கேட்டறிந்து, அதே அளவில் ஒரு தனித்தொட்டி நீரை ஆயத்தம் செய்வோம். மூடிய பையை அதில் கால்மணி மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிடுவோம். பை நீரைக் கொட்டிவிடுவோம். வெண்புள்ளி நோய் பரவாதிருக்க நான்கு வாரமேனும் அது தனியே இருக்கட்டும். அதற்குள் உப்பளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி நம் பெருந்தொட்டியின் அளவுக்குக் கொணரலாம். முதல் நாள் இரவு விளக்கை அணைத்து, கூடத்தில் நடமாட்டத்தையும் குறைத்து வைப்போம்.