அடுக்ககப் பராமரிப்புத் தொகை: வீண் செலவா, வேண்டிய செலவா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதத்தின் முதல் வாரந்தோறும் எழும் முணுமுணுப்பு ஒன்று உண்டு. "சொந்த வீட்டில் குடியிருந்தும், வாடகை கொடுப்பதுபோல் மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கிறதே!" என்பதே அது. வாழ்நாள் சேமிப்பையும், வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளையும் கொட்டிச் சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கிய குடும்பத்தார் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், முணுமுணுத்தவாறே கட்டுவதும், கட்டாமல் தட்டிக் கழிப்பதும் தீர்வாகா. கொடுக்கும் பணத்திற்கு ஈடான பயன் கிடைக்கிறதா எனக் கணக்கிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

நாம் வாங்கியது எது?

நாம் விலை கொடுத்து வாங்கியது நான்கு சுவர்களுக்கு உட்பட்ட இடத்தை மட்டுமன்று. மனையில் பிரிக்கப்படாத பங்கொன்றும் நம் பெயரில் பதிவாகியுள்ளது. படிக்கட்டு, மொட்டைமாடி, லிஃப்ட், ஆழ்துளைக் கிணறு, தரைத்தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவையும் நமக்குப் பங்குள்ளவையே. வாயிற்படிக்கு வெளியே இருப்பதனால் அவை பிறருடையவை ஆகிவிடமாட்டா.

தனி வீட்டுக்காரருக்கும் இச்செலவுகள் உண்டு. மோட்டார் பழுதானால் அவரே சீர்செய்கிறார். மேல்தளம் ஒழுகினால் அவரே கொத்தனாரை அழைக்கிறார். அவர் அதனைத் தனிக் கணக்காக எழுதி வைப்பதில்லை; ஆகவே அது அவர் கண்ணை உறுத்துவதில்லை. மஹல்லாவில் ஜமாஅத் சந்தா செலுத்துவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒருவர் தலையில் முழுச் சுமையும் விழாமல், பலரும் சிறிது சிறிதாகச் சுமப்பதே சந்தாவின் நோக்கம்.

அன்றாடச் செலவும் நெடுநாள் செலவும்

காவலாளியின் ஊதியம், பொதுவிளக்கு, மோட்டாருக்கான மின்கட்டணம், துப்புரவு, லிஃப்டின் ஆண்டுப் பராமரிப்பு ஆகியன அன்றாடச் செலவுகள். இவற்றின் பயனை அன்றன்றே காண்கிறோம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்குச் சங்கங்கள் செய்த செலவை எவரும் வீண் என்று கூறவில்லை. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் மழைக்காலத்திற்கு முன் அக்குழிகளைத் தூர்வாரிச் சீர்செய்யாவிடில், அவை பெயரளவிலேயே இருக்கும்.

நெடுநாள் செலவே பலரும் மறந்துவிடுவது. மொட்டைமாடியில் விழும் சிறு விரிசல் வழியே நீர் இறங்குகிறது. கான்கிரீட்டினுள் உள்ள கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சூழ்ந்த காரையைப் பிளந்து தள்ளுகிறது. உப்புக்காற்று வீசும் கடலோரப் பகுதிகளில் இது இன்னும் விரைவாக நிகழும். தொடக்கத்தில் சில ஆயிரம் ரூபாயில் முடியக்கூடிய வேலை, பிற்பாடு இலட்சங்களை விழுங்கிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இருபது வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்திற்கு வண்ணம் பூசி, மேல்தளத்தைச் சீர்செய்ய 12 இலட்சம் ரூபாய் தேவை எனக் கொள்வோம். வீட்டுக்கு 60,000 ரூபாய். இதனை ஒரே நாளில் கேட்டால் பூசலே மிஞ்சும். ஐந்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தால், மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓசையின்றிச் சேர்ந்திருக்கும்.

சர்ஃப்சைடு தரும் பாடம்

இச்சேமிப்பைப் புறக்கணிப்பதன் விபரீதத்தை உலகம் கண்ணாரக் கண்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மியாமி நகருக்கு அருகில் சர்ஃப்சைடு என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கே 1981இல் கட்டப்பட்ட பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி, 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்தது. உறக்கத்திலிருந்தோர் உட்பட 98 பேர் உயிரிழந்தனர்.

நீச்சல்குளத் தளத்தின் அடியில் கான்கிரீட் பெரிதும் பழுதடைந்துள்ளதென 2018ஆம் ஆண்டிலேயே ஒரு பொறியாளர் அறிக்கை அளித்திருந்தார். ஆனால் செலவைக் குறித்து வாதங்கள் நீண்டன. நிர்வாகக் குழுவினர் பலர் விலகினர். இறுதியில் சுமார் 1.5 கோடி டாலர் திரட்ட முடிவாகியது. சேமிப்பு நிதியோ பத்து இலட்சம் டாலர்கூட இல்லை. எனவே ஒவ்வொரு வீட்டாரும் 80,000 டாலருக்கு மேல் செலுத்த வேண்டிய நிலை வந்தது. முழுமையான சீரமைப்பு நடைபெறுமுன் கட்டடம் முந்திக்கொண்டது. தொடக்க வடிவமைப்பிலும் குறைகள் இருந்ததாக ஆய்வாளர் கண்டுள்ளனர். பணமின்மை ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. எனினும், எச்சரிக்கைக்கும் வேலைக்கும் இடையே மூன்றாண்டுகள் கழிந்தன என்பதை எவரால் மறுக்க இயலும்? 2022இல் புளோரிடா அரசு, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய குடியிருப்புகளில் கட்டட உறுதிக்கான சேமிப்பு நிதியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது.

தரைத்தளத்தார் கேள்வி

"நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" எனத் தரைத்தளத்தார் வினவுவர். "மழைநீர் தேங்குவது கீழே, எனக்கென்ன?" என்று மேல்தளத்தார் திருப்பிக் கேட்டால் என்னாகும்? மேல்மாடி வீட்டுக்கு மட்டுமன்று, முழுக் கட்டடத்திற்கும் மொட்டைமாடியே கூரை. காவலாளி, துப்புரவு போன்ற, எல்லா வீட்டுக்கும் ஒன்றான செலவைச் சமமாகவும், வண்ணம் பூசுதல், சீரமைப்பு போன்றவற்றை வீட்டின் பரப்பளவுக்கேற்பவும் பகிர்வது பூசலைக் குறைக்கும். எம்முறையாயினும் விதிமுறையில் எழுதிவைத்து, அனைவரும் ஒப்புக்கொள்ளுதல் நன்று.

எப்போது வீணாகும்?

பொதுப்பணம் ஓர் அமானிதம். வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாத இடத்திலும், ஆண்டுக் கூட்டம் கூடாத இடத்திலும், பெரிய வேலைகளை விலைப்புள்ளி கேட்காமல் வேண்டியவர்க்கே கொடுக்கும் இடத்திலும், விற்பனையாகாத வீடுகளுக்குக் கட்டுநர் தம் பங்கைச் செலுத்தாத இடத்திலும் நம் பணம் பயன் தருவதில்லை. ஆயின் அதற்கு மருந்து, பணத்தை நிறுத்துவதன்று, கணக்கைக் கேட்பது. நாம் நிறுத்திய தொகையின் சுமை, தவறு செய்தவர் மீது விழுவதில்லை. ஒழுங்காகச் செலுத்தும் அண்டை வீட்டார் மீதே விழுகிறது.

சங்கம் வலுவாயிருப்பதன் பயன் சட்டத்திலும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு ஒப்படைக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநரே தம் செலவில் சீர்செய்ய வேண்டும். தனியொருவர் அலைவதைவிட, சங்கமே முறையிட்டால் அக்குரலுக்கு வலிமை மிகுதி. தமிழகத்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2022ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அதனை அறிந்திருத்தல் உரிமையாளர் கடமை.

இல்லத்தரசியரின் இடம்

தண்ணீர் நின்றாலும், லிஃப்ட் நின்றாலும், சாக்கடை அடைத்தாலும் முதலில் இடர்ப்படுவோர் பகல் முழுதும் வீட்டிலிருக்கும் பெண்டிரும் முதியோருமே. ஆனால் சங்கக் கூட்டங்களிலோ ஆடவர் மட்டுமே அமர்ந்து முடிவெடுக்கின்றனர். எந்தக் குழாய் எந்நாளில் ஒழுகியது என்பதை நன்கறிந்தவர்களின் கருத்தைக் கேளாமல் செய்யும் செலவு எப்படிச் சிக்கனமாகும்?

ஆகவே, அன்பிற்குரிய வாசகர்களே! அடுத்த மாதத் தொகையைச் செலுத்தும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சென்ற ஆண்டின் கணக்கு எங்கே? நெடுநாள் செலவுக்கென எவ்வளவு சேர்ந்துள்ளது? கட்டடத்தை ஒரு பொறியாளர் கடைசியாகப் பார்வையிட்டது எப்போது? மூன்றிற்கும் தெளிவான விடை கிடைத்தால், நீங்கள் கொடுப்பது தகுதியான விலையே. கிடைக்காவிடில் தொகையையும் செலுத்துங்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.