கங்காரு முத்திரையிட்ட துவக்கு

ஹூட்ஸ் டவரிலுள்ள கடற்படை அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அங்கு வைக்கப்பட்டிருக்கும் பழைய பீரங்கிகளைப் பார்த்திருப்பார்கள். அவ்வளவு பெரிய இரும்புக்கு ஓய்வுக்குப் பின் காட்சிப் பொருளாவதைத் தவிர வேறு வழியில்லை. கையில் ஏந்தும் துவக்குகளின் கதை வேறு. பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலையைக் கையளித்துவிட்டுப் போனது. அந்தப் பேரரசின் படைகள் கழித்துவிட்ட துவக்குகள் உலகச் சந்தையில் மலிந்திருந்த காலமும் அதுதான். அவற்றுள் ஒன்று பாடசாலைப் பிள்ளைகளின் பயிற்சிக்கென்றே செய்யப்பட்டது. அது விளையாட்டுத் துவக்காக மாறிய விதத்தை இங்கே விளக்க முயல்கிறேன்.

1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் போயர்களுடன் நடந்த யுத்தத்தில், விவசாயிகளாக இருந்த போயர்கள் பிரித்தானியச் சிப்பாய்களைவிடத் திறமாகக் குறிபார்த்துச் சுட்டார்கள். பிடிபட்ட போயர்களில் ஆயிரக்கணக்கானோர் நமது நாட்டின் தியத்தலாவையில் சிறை வைக்கப்பட்டனர். (இன்று இராணுவப் பயிற்சிக் கல்லூரி இருப்பதும் அதே தியத்தலாவையில்தான்!) யுத்தம் முடிந்ததும், சிறு வயதிலேயே குறிபார்க்கப் பழக்கவேண்டும் என்ற எண்ணம் பேரரசு முழுவதும் பரவியது. அவுஸ்திரேலியா 1911இல் பையன்களுக்குக் கட்டாய மாணவர் படைப் பயிற்சியைத் தொடங்கியது. இலங்கையில் கொழும்பு ரோயல் கல்லூரி 1881இலேயே மாணவர் படையைத் தொடங்கியிருந்தது.

படைவீரனின் துவக்கு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளுக்குப் பாரம். சுடும்போது பின்னோக்கி உதைக்கும் உதையும் அதிகம். ஆகவே அவுஸ்திரேலியாவுக்காக பேர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ., கிறீனர் ஆகிய நிறுவனங்கள் ஒரு சிறிய துவக்கைச் செய்தன. மார்ட்டினி கடேற் என்பது அதன் பெயர். அதன் இரும்புக் கூட்டில் ஒரு கங்காரு உருவம் பொறிக்கப்பட்டது. '310 கடேற்' என்ற சிறிய, வலு குறைந்த ரவையே அதற்கு உரியது.

அதன் பொறிமுறை எளிமையானது. பிடிக்குக் கீழேயுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புக் கட்டியின் முன்பக்கம் தாழும். வெற்றுக் கோது வெளியே வரும். உள்ளேயிருக்கும் அடிமுள்ளும் பின்னிழுக்கப்பட்டு ஆயத்தமாகிவிடும். ஒரு ரவையை வைத்து நெம்புகோலை மேலே தூக்கினால் வாய் அடைபடும். ஒரு முறைக்கு ஒரு ரவைதான். அடுத்ததைக் கையால்தான் வைக்கவேண்டும். போருக்கு இது குறை. குறிபார்க்கும் விளையாட்டுக்கோ இதுவே நிறை. விசையை இழுத்ததற்கும் ரவை வெடிப்பதற்கும் இடையே அடிமுள் செல்லும் தூரம் மிகக் குறைவு. அந்தக் கண நேரத்தில் கை அசைவதற்கும் இடம் குறைவு.

மாற்றம் பெரும்பாலும் மரத்தில் தொடங்கும். படைத் துவக்கில் குழலின் பெரும்பகுதியை மரம் மூடியிருக்கும். சூடேறிய குழல் கையைச் சுடாமலிருக்கவும், நெருங்கிப் பொருதும்போது அடிபட்டுக் குழல் வளையாமலிருக்கவும் அந்த ஏற்பாடு. விளையாட்டில் இரண்டுக்கும் தேவையில்லை. முன்கட்டையை அரைவாசியாக வெட்டி, முனையை உருட்டி இழைப்பார்கள். கன்னம் பதியும் இடத்தை உயர்த்திய புதிய அடிக்கட்டையை வாதுமை மரத்தில் செதுக்கிப் பொருத்துவார்கள். அடுத்தது குறிகாட்டி. படைத் துவக்கின் குறிகாட்டி தொலைவிலுள்ள ஆள் உயர இலக்குக்கானது. அதைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே சிறு துளை கொண்ட ஒன்றையோ தொலைநோக்கியையோ பூட்டுவார்கள்.

ஆபத்தான கட்டம் குழல்தான். 310 ரவை கிடைப்பது அரிதாகிப்போனதால், சிலர் பழைய குழலுக்குள் ஒடுங்கிய இரும்புக் குழாயொன்றைச் செருகினார்கள். சிலர் குழலையே மாற்றினார்கள். 32-20, 22 ஹோர்னெற் போன்ற ரவைகளுக்கு ஏற்ப அது மாறியது. சிறுவருக்கான மென்மையான ரவையைத் தாங்கவெனச் செய்த கூட்டில் அதைவிட அழுத்தம் கூடிய ரவையை வைத்தால் என்ன ஆகும்? வெடிப்பு நிகழ்வது சுடுபவரின் முகத்திலிருந்து சாணளவு தூரத்தில் அல்லவா! பேர்மிங்ஹாமில் 1813இல் நிறுவப்பட்ட சோதனைச் சாலை இன்றும் இயங்குவதன் காரணம் இதுதான். வழமையைவிட வலுவான ரவையால் சுட்டுப் பார்த்து, தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துவார்கள். குழலை மாற்றினால் மறுபடியும் சோதனை. என்னைக் கேட்டால், இந்த முழு விடயத்திலும் மிக மதிக்கத்தக்க ஆள் மரம் செதுக்கியவரல்லர், அந்த முத்திரையைக் குத்த மறுத்தவரே.

சோதனையும் முத்திரையும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய வெளிநாடு போகவேண்டியதில்லை. பன்றிக்கென்று காட்டோரம் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் ஒரு வகை மாற்றம்தான். இரும்புக் குழாய் துவக்காகிறது; குறிபார்க்க ஆளே இல்லை. வயலுக்கும் விறகுக்கும் போனவர்களின் கால்கள் அதில் போயிருக்கின்றன.

நமது நாட்டில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். மரத்தை மாற்றினாலும் பெயரை மாற்றினாலும் துவக்கு துவக்குதான். வீட்டில் மூத்தவர்கள் காலத்துப் பழைய குழலொன்று கிடந்தால், அதைப் பட்டறைக்குக் கொண்டு போகாமல் பொலிஸாருக்கு அறிவிப்பதே முறை.

துவக்கு என்றதும் நம் பெற்றோரின் முகம் மாறுவதில் நியாயம் இருக்கிறது. முப்பது வருட யுத்தத்தைக் கண்டவர்கள் அவர்கள். இருந்தாலும் குறிபார்த்துச் சுடுதல் இன்று பெண்பிள்ளைகள் சிறக்கும் விளையாட்டு. நம் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றார். இருவரும் சுடுவது காற்றழுத்த றைபிளால், 10 மீற்றர் தூரத்தில். இலக்கின் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீற்றர். மூச்சை அடக்கத் தெரியாதவருக்கு அது அகப்படாது. அம்பெய்யப் பழகுவதை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்ததை நாம் அறிவோம். ஒரு சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்று தடுத்தவர்களும் அவர்களே. இன்று எந்தச் சுடும் திடலிலும் முதலில் சொல்லிக் கொடுக்கப்படும் விதி இதுதான்: குழலின் வாய் ஒருபோதும் மனிதரை நோக்கக் கூடாது.

மாற்றப்பட்ட மார்ட்டினிகளின் கதையில் பின்னர் ஒரு திருப்பமும் நேர்ந்தது. மலிவாகக் கிடைத்த காலத்தில் தயக்கமின்றி வெட்டினார்கள். இப்போது முழு மரத்தோடும் கங்காருவோடும், எந்தப் பையன் எந்த மாநிலத்தில் பயின்றான் என்று ஊகிக்க உதவும் குறிகளோடும் அப்படியே இருக்கும் துவக்கைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். வெட்டிய முன்கட்டைக்குப் பதிலாகப் பழைய அளவில் புதுக் கட்டை செய்து ஒட்டித் தரும்படி கேட்டு, தாங்கள் வாங்கிய விளையாட்டுத் துவக்கைத் திரும்பவும் கடேற் துவக்காக ஆக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.